பழைய மோட்டார் சைக்கிளும் புதிய உருவமும்



வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையிலே ஜம்பட்டா வீதியைச் சூழ்ந்த வீடுகளின் பின்முற்றங்களிலும், இளைஞர் சிலர் ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பதை அங்கங்கே காணலாம். பாட்டனார் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பரப்பி, அதனைத் தம் மனம் விரும்பிய வேறோர் உருவத்தில் கட்டி எழுப்புவதே அவ்வேலை. பெற்றோர் பலருக்கு இது வீண் செலவாகத் தோன்றுகிறது. அயலவருக்கு ஓயாத ஓசையாகத் தோன்றுகிறது. இளைஞருக்கோ அதுவே உலகம். இம்முயற்சியில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் மூன்று செயல்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். பழுதுற்ற வண்டியை ஓடச் செய்தல் ஒன்று, அது திருத்தம். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவாறே அதனை ஆக்குதல் மற்றொன்று, அது மீட்பு. பழைய வண்டியின் சட்டகத்தையும் இயந்திரத்தையும் முதலாகக் கொண்டு, முன் இல்லாத ஒரு வண்டியைப் படைத்தல் மூன்றாவது, அது புத்தாக்கம். இம்மூன்றனுள் மூன்றாவதே இளைஞரைக் கவர்வது. ஆனால் முதலிரண்டையும் அறியாதவர் மூன்றாவதில் கைவைத்தல் ஆகாது. மாற்றும் உரிமை, அறிந்தவனுக்கே உரியது. இன்று நான் கூற விரும்புவது இந்த ஒன்றே.

மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தலினால் ஒருவன் எவ்வளவு உயரலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பிலே நாட்டம் கொள்ளாத அவர், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோயம்புத்தூர் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை செய்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1912ஆம் ஆண்டின் அமைப்பைச் சேர்ந்த அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பொருத்தினார். அந்த அறிவே அவரை இயந்திரத் தொழிலாளியாக்கியது. 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் கோயம்புத்தூரில் உருவானபோது அம்முயற்சியில் அவர் பங்கு பெரிது. இத்தனைக்கும் வித்து, பிரித்துப் பார்க்கப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிள்.

இனி, இன்று நம் இளைஞர் விரும்பும் உருவம் எங்கிருந்து வந்தது? தாழ்ந்த ஹாண்டில், நீண்ட தாங்கி, ஒருவர் மட்டுமே அமரும் இருக்கை கொண்ட அவ்வண்டியை ‘கஃபே ரேசர்’ என்பர். இலண்டன் மாநகரின் வடக்குச் சுற்றுவீதியில் 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏஸ் கஃபே போன்ற தேநீர்ச்சாலைகளில், 1950களிலும் 1960களிலும் கூடிய தொழிலாள இளைஞரே அதனை வளர்த்தவர்கள். அவர்கள் பாரமான பகுதிகளைக் கழற்றியது பாரத்தைக் குறைக்க. ஹாண்டிலைத் தாழ்த்தியது எதிர்காற்றின் தடையைக் குறைக்க. அவர்களுடைய படைப்புகளுள் புகழ்பெற்றது ‘ட்ரைட்டன்’ என்பது. நோர்ட்டன் வண்டியின் சட்டகமும் ட்ரையம்ப் வண்டியின் இரட்டைச் சிலிண்டர் இயந்திரமும் இணைந்த கலப்பு அது. பெல்பாஸ்ற் நகரத்து றெக்ஸ் மக்கான்டிலஸ் வகுத்து, 1950ஆம் ஆண்டில் பந்தயத் திடலுக்கு வந்த நோர்ட்டன் சட்டகம் வளைவுகளில் உறுதியாக நின்றது. ட்ரையம்ப் இயந்திரமோ வலிமையை எளிதில் கூட்டுவதற்கு இடம் தந்தது. இரண்டின் குணத்தையும் அறிந்தவர்களே இரண்டையும் மணமுடித்தார்கள். காரணம் அறிந்து பிறந்த உருவத்தை, காரணம் அறியாமல் வெறும் கோலமாகக் கொள்வது போலியாகும்.

ஆகவே, வீட்டிலே இவ்வேலையைத் தொடங்குபவன் முதலில் வாங்க வேண்டியது ஒரு கொப்பி. கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் வரிசைப்படி எழுதி, படம் வரைந்து, ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டி வைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியால் படம் பிடித்தலும் நன்று. ஆயினும் கையால் வரைந்தவனுக்கே உறுப்புகளின் தொடர்பு மனத்திற் பதியும்.

அடுத்தது திருகுப் புரியின் இலக்கணம். 1960களின் இறுதி வரையில் வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் இன்றைய மில்லிமீற்றர் அளவு இல்லை. ஜோசப் விற்வேர்த் என்னும் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டில் வகுத்த முறையும், துவிச்சக்கர வண்டிகளுக்கென அமைந்து அங்குலத்துக்கு 26 புரி கொண்ட முறையும் அவற்றில் விரவி நிற்கும். விற்வேர்த் புரியின் கோணம் 55 பாகை. இன்றைய மில்லிமீற்றர்ப் புரியின் கோணம் 60 பாகை. பஞ்சிகாவத்தைக் கடைகளிலே ஏறக்குறையப் பொருந்தும் நட்டு ஒன்றை எடுத்து வலிந்து திருகினால், முதல் இரண்டு சுற்றுக்கு இணங்கும். பின்னர் புரியை அரித்துவிடும். அன்றைய ஸ்பானரில் பொறித்திருக்கும் எண்ணும் போல்ட்டின் தண்டினது தடிப்பையே குறிக்கும்; அதன் தலையின் அகலத்தை அன்று. இதை அறியாமல் மயங்குவோர் பலர்.

மூன்றாவது, தேய்மானத்தை அளத்தல். சிலிண்டரின் உட்புறம் வட்டம் தவறித் தேய்ந்திருந்தால், லேத் பட்டறையிலே கொடுத்துக் கடைந்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கோ 40 பங்கோ பெரிதான பிஸ்டனை இடுவர். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இன்னொரு பகையும் உண்டு. உப்பு கலந்த ஈரம் குரோமிய முலாமின் நுண்துளைகளூடே புகுந்து உள்ளிருக்கும் இரும்பை அரிக்கும். அலுமினியப் பகுதிகளில் வெண்பொடி பூக்கும். வெளியே மினுங்கும் சட்டகக் குழாய் உள்ளே துருவேறி மெலிந்திருத்தல் கூடும். எனவே வண்ணம் பூசுவதற்கு முன், பழைய வண்ணத்தை முற்றாக நீக்கி, ஒவ்வொரு மூட்டிலும் வெடிப்பு உண்டா என்று பார்த்தல் கடமை.

நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பது அழகுக்காக அன்று. அந்தச் சாய்வின் கோட்டை நிலம் வரை நீட்டினால், சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது விழும். இந்தச் சிறு இடைவெளியே வண்டியை நேராக ஓடச் செய்கிறது. கழுத்துப் பகுதியை வெட்டி, கவையை மேலும் சாய்த்து வெல்டிங் செய்துவிட்டால் இவ்வளவு மாறிவிடுகிறது. வண்டி மெதுவாகச் செல்கையில் ஒரு பக்கம் விழுகிறது. வளைவிலே சொல்வழி கேட்க மறுக்கிறது. அந்த வெல்டிங் மூட்டு பிளந்தால் என்ன நேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோல் தாங்கியோ நிறைந்திருக்கும்போதிலும் வெறுமையாக இருக்கும்போதே பெரிதும் அஞ்சத்தக்கது. உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியால் வெடிக்கும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூளை வாயால் ஊதுவதும் காற்றடித்து அகற்றுவதும் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத் துணியால் துடைத்தலே முறை. வலிமையைக் கூட்ட விரும்புபவன், நிறுத்தும் ஆற்றலை முதலில் கூட்ட வேண்டும். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கத் தெரியாவிட்டால் அது வண்டி ஆகாது.

இவ்வேளையில் ஒரு குடும்பத்தின் நிலையைக் கூறுதல் பொருத்தமாகும். என்னிடம் கற்ற மாணவன் ஒருவன்; இப்போது உத்தியோகம் பார்க்கிறான். அவனுடைய பாட்டனார் ஓட்டிய பி.எஸ்.ஏ. வண்டியொன்று பல ஆண்டுகளாக வீட்டின் பின்புறத்தில் கிடந்தது. நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடக்கூடிய எந்தப் பழைய வண்டிக்கும் மதிப்பு ஏறியது. தந்தையார் அதனை விற்றுவிடலாம் என்றார். மகன் பின்பகுதியை வெட்டிக் கஃபே ரேசர் ஆக்குவேன் என்றான். பாட்டியாரோ, “அவர் விட்டுப்போனபடியே இருக்கட்டும், தம்பி” என்று மட்டும் சொன்னார். மூவரும் என்னிடம் வந்தார்கள்.

மூவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பயன்படாத பொருள் துருவுக்கே இரை என்பது தந்தையின் நியாயம். இறந்தவரின் கை பட்ட பொருளில் அவர் வாழ்கிறார் என்பது பாட்டியின் நியாயம். பொருள் வாழ வேண்டுமானால் வாழ்கின்றவன் கைக்கு வர வேண்டும் என்பது மகனின் நியாயம். நான் அவனை ஒன்று கேட்டேன்: “தம்பி, இந்த வண்டியை அது பிறந்தவாறே ஒருமுறை ஓடச் செய்ய உன்னால் முடியுமா?” அவன், “சேர், இன்னும் தெரியாது” என்றான். “அப்படியானால் முதலில் அதைச் செய். பின்னர் மாற்று. மாற்றும்போதும், கழற்றி மீண்டும் பழையபடி பூட்டக்கூடிய மாற்றங்களையே செய். இருக்கையை மாற்றலாம், ஹாண்டிலை மாற்றலாம், தாங்கியைக் கழற்றிப் பத்திரப்படுத்தலாம். சட்டகத்தில் வாள் வைக்காதே” என்றேன்.

தந்தையார் முழுமனத்தோடு இசைந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் விற்கவில்லை. பதினான்கு மாதங்கள் சென்றபின் அவ்வியந்திரம் உயிர்பெற்றது. பாட்டியார் அதன் ஓசையைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தாராம். இப்போது அதில் தாழ்ந்த ஹாண்டிலும் ஒற்றை இருக்கையும் உண்டு. பழைய பகுதிகள் எண்ணெய் தடவிய துணியிலே சுற்றிப் பெட்டியில் இருக்கின்றன. சட்டகம் வெட்டப்படவில்லை.

சட்டத்தையும் மறத்தலாகாது. ஒவ்வொரு வண்டிக்கும் இயந்திர இலக்கமும், கராஜ்களில் ‘செசி நம்பர்’ எனப்படும் சட்டக இலக்கமும் பதிவுச் சான்றிதழிலே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தேய்த்தலும் மறைத்தலும் குற்றம். சான்றிதழ் இல்லாத வண்டியை வாங்குவது பிறர் வழக்கை விலைக்கு வாங்குவதாகும். இயந்திரத்தை மாற்றவோ அமைப்பைத் திருத்தவோ எண்ணுபவர், வேலைக்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிதல் நலம். ஒலியடக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, நள்ளிரவிலே தெருவை எழுப்புவதைப் புத்தாக்கம் என்று சொல்ல முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கையிலே எண்ணெய் படுவதை இழிவாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. 2013ஆம் ஆண்டு முதல் நமது பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பப் பிரிவு வந்திருக்கிறது. ஆயினும் அதனை மற்றப் பிரிவுகளுக்குத் தகுதி பெறாதவர்களின் புகலிடம் என்று கருதுவோரைக் காண்கிறேன். நான் கலைப் பட்டதாரி. இலக்கியமும் வரலாறும் கற்றவன். பழைய நூலைப் பதிப்பிப்பவன், பாடத்தை முழுதும் ஆராயாமல் ஓர் எழுத்தையும் திருத்தத் துணியான். பழைய இயந்திரத்தைத் தொடுபவனுக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். அந்த ஒழுக்கத்தைக் கற்கும் பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை.

இளைஞருக்கும் ஒரு சொல். நியூசிலாந்தைச் சேர்ந்த பேர்ட் மன்றோ என்பவர் 1920ஆம் ஆண்டில் இந்தியன் ஸ்கவுட் என்னும் மோட்டார் சைக்கிளை வாங்கினார். புதிதாக வந்த நாளில் அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 55 மைல். தம் கொட்டகையிலேயே பிஸ்டன்களை வார்த்து, உடைந்ததை மீண்டும் ஆக்கி, அதே வண்டியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1967ஆம் ஆண்டில், தமது 68ஆம் வயதில், அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அதனை ஓட்டி, 1000 சீ.சீ.க்கு உட்பட்ட வகுப்பில் சாதனை படைத்தார். இடையிலே சென்றவை 47 ஆண்டுகள். அவர் வேகத்தை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அது காலி வீதிக்கு உரியதுமன்று. பின்பற்றத்தக்கது அவருடைய பொறுமை.

பிரித்துப் பாருங்கள், எழுதி வையுங்கள், அளந்து அறியுங்கள். அதன்பின் உங்கள் கற்பனைக்கு இடம் கொடுங்கள்.