சிறு நிறுவனங்களுக்கு அரசின் ஆய்வு மானியம்: நான் கற்றுக்கொண்டது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், அரசாங்கத்திடம் பணம் வாங்கினீர்களாமே, எப்படி?" என்று லிஃப்டில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நம் வளாகத்தில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களின் அப்பா அம்மாக்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் பம்ப் ரூமில் இருக்கும் சாஃப்ட்னர் உங்களுக்குத் தெரியும். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை அதிலுள்ள ரெசின் பிடித்துக்கொள்கிறது. ரெசின் நிரம்பிவிட்டால் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். எப்போது நிரம்பும் என்பது யாருக்கும் தெரியாது. டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, ஒரு வகை உப்பை இன்னொரு வகையாக மாற்றுகிறது. ஆகவே மீட்டரில் எண் கிட்டத்தட்ட அப்படியேதான் நிற்கும். ஆபரேட்டர் தம்பி சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தால்தான் உண்டு. அவர் மறந்தால் ஒன்று உப்பு வீண், இல்லாவிட்டால் நம் கீசர் வீண். கடினத்தன்மையைத் தானே அளந்து சொல்லும் ஒரு சிறு கருவி செய்யலாம் என்றுதான் மூன்று வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கினேன்.

முதலில் வங்கிக்குப் போனேன். "ஆர்டர் இருக்கிறதா, விற்பனை எவ்வளவு?" என்று மேலாளர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. வேலை செய்யுமா என்றே தெரியாத பொருளுக்குக் கடன் கொடுத்தால், பொருள் தோற்றாலும் நான் வட்டி கட்டியாக வேண்டும். இந்த இடைவெளிக்காகத்தான் ஆய்வு மானியம் என்ற ஒன்றே வந்தது.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977-இல் இதைச் சோதனையாகத் தொடங்கியது. 1982-இல் அது சட்டமானது. பெரிய ஆய்வு நிதி வைத்திருக்கும் மத்திய அரசுத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அங்கே இது படிப்படியாக நடக்கும். யோசனை சாத்தியமா என்று பார்க்க முதலில் சிறு தொகை. தேறினால் உருவாக்கப் பெரிய தொகை. விற்பனைக்கு வரும் கட்டத்தில் இந்த நிதி கிடையாது, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசிச் சிப் செய்யும் குவால்காம் சிறு நிறுவனமாக இருந்தபோது இந்தப் பணத்தைப் பெற்றது.

நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் இதே பாணியில் ஒரு திட்டம் தொடங்கியது. 2012-இல் அதற்கென்றே 'பைராக்' என்ற அமைப்பு வந்தது. அதன் 'பிக்' மானியம் 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. மருத்துவம், உயிரியல் சார்ந்த யோசனை உள்ள பிள்ளைகள் அதைப் பாருங்கள். என்னைப் போலக் கையில் பிடிக்கும் பொருள் செய்கிறவர்களுக்கு, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' இருக்கிறது. முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை. கம்பெனி தொடங்காத தனிநபரும் விண்ணப்பிக்கலாம். 2021-இல் 'ஸ்டார்ட்அப் இந்தியா' விதை நிதி வந்தபோது, யோசனையை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம் வைத்தார்கள். நம் மாநில அரசின் 'டான்சீட்' திட்டமும் இருக்கிறது. ஆனால் அதில் நிறுவனத்தின் சிறு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும். வாங்குமுன் அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

இனி நான் செய்த தப்புகளுக்கு வருகிறேன்.

முதல் தப்பு, இடைத்தரகர். "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்தார். 45 ஆயிரம் கொடுத்தேன். அழகான அட்டை போட்ட ஓர் அறிக்கை கொடுத்தார். பிறகு போனை எடுக்கவில்லை. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் தேர்வுக்கோ பணம் கொடுப்பதற்கோ இன்குபேட்டர் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதை நான் படித்தது பணம் போன பிறகு. விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் பொருளைப் பற்றி உங்களைவிட வேறு யார் எழுத முடியும்?

இரண்டாவது தப்பு, அந்த அறிக்கையையே அனுப்பியது. சென்னையில் எத்தனை அடுக்குமாடி, ஐந்தாண்டில் எத்தனை கோடி என்றெல்லாம் அதில் இருந்தது. நேர்காணலில் ஒரு பேராசிரியை, "இதெல்லாம் சரி. உங்களுக்குத் தெரியாதது எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். பிறகு புரிந்தது. ஆய்வு மானியம் என்பது விடை தெரியாத கேள்விக்குக் கொடுக்கும் பணம். எல்லாம் தெரியும் என்று சொல்கிறவனுக்கு அது எதற்கு? அடுத்த முறை ஒரே கேள்வியைத்தான் எழுதினேன்: கால்சியத்தை உணரும் மின்முனை, இரும்புச் சத்துள்ள நம் போர்வெல் தண்ணீரில் மூன்று மாதம் சரியாக அளக்குமா? அதை எப்படிச் சோதிப்பேன், எந்த எண் வந்தால் தோல்வி என்று ஒப்புக்கொள்வேன் என்றும் எழுதினேன். ஒரு கல்லூரி இன்குபேட்டர் வழியாக மானியம் கிடைத்தது.

மூன்றாவது தப்பு, பணம் மொத்தமாக வரும் என்று நினைத்தது. தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, ஆடிட்டர் கையெழுத்தோடு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, வேலையின் முன்னேற்றத்தைக் காட்டினால்தான் அடுத்தது. எனக்கு நடுவில் நான்கு மாதம் இடைவெளி விழுந்தது. என் மனைவியின் வளையல் நான்கு அடகுக்குப் போயின. அவள் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன். இரண்டு திரும்பி வந்துவிட்டன. ஆறு மாதச் செலவுக்குக் கையில் இல்லாமல் யாரும் இதில் இறங்காதீர்கள். ஆய்வுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். நூறு ரூபாய் கம்பி வாங்கினாலும் பில் வாங்குங்கள்.

சரி, கருவி வேலை செய்ததா என்று கேட்பீர்கள். செய்யவில்லை. ஏழாவது வாரத்தில் மின்முனைமேல் இரும்புக் கறை படிந்து அளவு தப்ப ஆரம்பித்தது. அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கணக்கு ஒழுங்காக இருந்தால், ஆய்வு தோற்றது குற்றமில்லை. குழுவில் ஒருவர், "கறை படியும் முன்பே கழுவிவிட வழி பாருங்கள்" என்றார். இப்போது மின்முனையைத் தானே கழுவிக்கொள்ளும் ஒரு சிறு அமைப்பைச் சேர்த்திருக்கிறேன். என் பால்கனியில் ஒரு டிரம் தண்ணீரில் ஐந்து வாரமாக ஓடுகிறது.

டிரம் தண்ணீர் வேறு, தினமும் 300 வீட்டுக்கு ஓடும் தண்ணீர் வேறு. ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பம்ப் ரூமில் இரண்டடி இடமும் ஒரு பிளக் பாயின்ட்டும் மூன்று மாதத்துக்கு வேண்டும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்துக் கட்டிவிடுகிறேன். குழாயை வெட்ட மாட்டேன். மாதிரிக் குழாயிலிருந்து மட்டும் எடுப்பேன், எடுத்த தண்ணீர் தொட்டிக்குத் திரும்பாமல் வடிகாலுக்குப் போகும். வாரம் ஒருமுறை அளவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். தோற்றாலும் ஒட்டுவேன்.

குடியிருப்பில் வணிகம் கூடாது என்று சிலர் வருத்தப்படுவது எனக்குத் தெரியும். அந்த விதி தேவைதான். ஆனால் நாளை ஏ பிளாக்கிலிருந்து ஒரு பெண் வந்து, "மாமா, என் கருவியை வைத்துப் பார்க்க ஒரு மூலை கிடைக்குமா?" என்று கேட்டால் என்ன சொல்லப்போகிறோம்? அரசு பணம் கொடுக்கும், இடம் கொடுக்காது. சோதித்துப் பார்க்கும் இடம் நம்மைப் போன்ற வீடுகள்தான். செயற்குழு இதைப் பேசி ஒரு பொது விதியாகவே எழுதி வைத்தால், எனக்குக் கிடைக்காவிட்டாலும் அடுத்தவருக்கு உதவும்.

விண்ணப்பம் எழுதுகிற பிள்ளைகள் எந்த நாள் மாலையிலும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். கட்டணம் கிடையாது. ஒரு கேள்விக்கு மட்டும் பதிலோடு வாருங்கள்: உங்களுக்குத் தெரியாதது எது?