லயம் கலைந்த ஊரில் ஆலயம்



தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துத் தோட்டத்து ஆலயம் ஒன்றின் உபயப் பட்டியலை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். முன்னாளில் பல தோட்டங்களில் உபயம் வேலைப் பிரிவை ஒட்டியே அமைந்தது. ஒரு நாள் பால்மரம் வெட்டுவோருடையது. மறுநாள் ஆலைத் தொழிலாளருடையது. பிறிதொரு நாள் கிராணிமாருடையது. இன்றோ உபயதாரர் பெயருக்கு எதிரே கிள்ளான், பந்திங், பூச்சோங், ஷா ஆலாம் எனும் முகவரிகள் நிற்கின்றன. ஊர் சிதறிய வரலாறு அப்பட்டியலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தமிழகத்துச் சிற்றூர் குளத்தையும் வயலையும் சுற்றித் தானே வளர்ந்தது. கோல லங்காட்டிலும் கேரித் தீவிலும் எழுந்த தோட்டத்து ஊரோ நிருவாகத்தின் வரைபடத்தில் பிறந்தது. வரிசை வரிசையாக லயங்கள், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மாரியம்மன் ஆலயம் ஆகிய யாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஆயினும் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போயின் வீடும் போயிற்று. மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்க்கும் ஒரு சாண் நிலம் உரிமையில்லை. பின்வந்த துன்பங்களுக்கெல்லாம் வேர் இதுவே.

1950-களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். அதனைத் தடுக்கவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணமே அதன் மூலதனம். அரிய முயற்சிதான், எனினும் அதன் நிழல் எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாயிற்று. பல்லாயிரவர் கப்பலேறினர். உடன்பிறந்தோரும் பிரிந்தனர்.

அடுத்து மரமே மாறியது. ஒன்றுவிட்டு ஒரு நாளேனும் பால்மரத்தை வெட்டியாக வேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அறுத்தாற் போதும். அதே நிலத்திற்கு ஆள் பாதிக்கும் குறைவே தேவைப்பட்டது. தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்பேட்டை எழுந்தபொழுது இளையோர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. லயத்தில் அவர்களுக்கென எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

தாமே வெளியேறினோர் கதை ஒருபுறமிருக்க, வெளியேற்றப்பட்டோர் கதையும் அருகிலேயே உண்டு. முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஆங்கிலேய வீரர்கள் 1921-இல் தொடங்கிய தோட்டம் பெராங் பெசார். ‘பெரும் போர்’ என்பதே அப்பெயரின் பொருள். அங்கு உருவான ரப்பர் இனங்கள் அதன் முன்னெழுத்துகளைத் தாங்கி உலகெங்கும் நடப்பட்டன. 1990-களில் அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. பெராங் பெசாருடன் காலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டத்து மக்களும் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். பின்னர்ச் சுவர்கள் வெடிப்புக் கண்டன. தரைவீடு வேண்டும் எனும் அவர்தம் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நாடெங்கும் இதுவே போக்கு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசிய மக்களில் 75 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். 1957-இல் 880-க்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிகள் சில, உரிமத்தோடு வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்து புத்துயிர் பெற்றன.

ஆலயத்திற்கு அவ்வழி எளிதன்று. பள்ளி உரிமம் போல் எடுத்துச் செல்லத்தக்க தாள் எதுவும் அதனிடம் இல்லை. அன்று துரை வாய்மொழியாகக் கொடுத்த இடம், நிறுவனத்தின் பட்டாவிலேயே தங்கிவிட்டது. தோட்டம் கைமாறும்பொழுது புதிய உரிமையாளர் கேட்கும் முதற்கேள்வி ஆலயத்தின் வயது அன்று, பட்டா யார் பெயரில் என்பதே. ஆதலின் நிலம் விலைபேசப்படுமுன்னரே ஆலய எல்லையை அளந்து, தனிப்பட்டாவுக்கு விண்ணப்பிப்பது செயலவையினரின் முதற்கடன். எந்த லயத்தில் எக்குடும்பம் இருந்தது, முதற்கல்லை யார் நட்டார் என்பனவற்றை முதியோர் வாய்க்கேட்டு எழுதி வைப்பது அடுத்தது. திருவிழாவிற்கு வரும் அறுபது, எழுபது வயதினர் பலர் அவ்விவரங்களை இன்னமும் நினைவில் வைத்துள்ளனர்.