மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரை: ஒரு சைக்கிள் வழிகாட்டியின் அனுபவங்கள்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கி மேலாளர், பொறியாளர், வட்டாட்சியர். என்னை அழைக்கும்போது "சைக்கிள் டூர் கைடு" என்றார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தது கேட்டது. பரவாயில்லை. என் அத்தையே இன்னும் ஊரில், "அவன் ஏதோ வாடகை சைக்கிள் கடை வச்சிருக்கான்" என்றுதான் சொல்கிறார். கொடுத்த நேரத்துக்குள் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மீஞ்சூரில் கிளம்புவோம். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அங்கிருந்து காட்டுப்பள்ளி. பிறகு கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே வடக்கே போகும் சாலையில் கருங்காலி வழியாகப் பழவேற்காடு. வரைபடத்தில் சுலபமான பாதைதான். ஓட்டினால்தான் தெரியும். முதல் பாதியில் கன்டெய்னர் லாரி, இரண்டாம் பாதியில் கடல் மணல். அலை பெரிதானால் சாலையையே மணல் மூடிவிடும். இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

முன்னால் நான், கடைசியில் இன்னொரு வழிகாட்டி, நடுவில் ஒற்றை வரிசை. நிற்கும் லாரிக்கு இடப்பக்கம் யாரும் நுழையக் கூடாது. அந்தப் பக்கம் டிரைவர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம். மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து காற்று முகத்தில் அடிக்கும். ஆகவே தெம்பு இருக்கும் காலையிலேயே வடக்கே போய்விட வேண்டும், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். பையில் பம்ப், டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் எப்போதும் உண்டு. உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போட்டால்தான் மறுநாள் வண்டி ஓடும். இதெல்லாம் கைவேலை. பழகினால் வந்துவிடும்.

வராத வேலை ஒன்று இருக்கிறது: எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது. பலர் கேட்பார்கள்: "சார், இந்த லாரித் தூசி எதுக்கு? பொன்னேரியிலேர்ந்து நேரா ஏரிக்குக் கூட்டிட்டுப் போய் பூநாரையைக் காட்டிடுங்களேன்." நியாயமான கேள்வி. காசு கொடுப்பவர் அவர்.

ஆனாலும் நான் காட்டுப்பள்ளி வழியாகத்தான் போகிறேன். வட சென்னை அனல்மின் நிலையம் 1994-லிருந்து மின்சாரம் தருகிறது. அதன் நிலக்கரிக்காக எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது. இன்று அதற்குக் காமராஜர் பெயர். 2010-ல் வந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து வருபவரிடம் நான் சொல்வது இதுதான்: "நேத்து ராத்திரி உங்க வீட்ல சுத்துன ஃபேனுக்கும், நீங்க குடிச்ச தண்ணிக்கும் இந்த ஊர்ல பங்கு இருக்கலாம். ஒரு அரை மணி நேரம் பார்த்துட்டுப் போவோமே!" முணுமுணுத்தவர்கள்கூட அதன்பிறகு நிறையக் கேள்வி கேட்பார்கள்.

சைக்கிளில் போனால் அந்தக் கேள்விகளுக்கு அங்கிருப்பவரே பதில் சொல்லுவார். காரில் போனால் கண்ணாடியைத்தான் பார்ப்போம். கழிமுகத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிப் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோது வலையும் படகும் கறுத்துப் போயின. துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-லும் 2023-லும் ஒத்திவைக்கப்பட்டது. வேலை வரும் என்பவரும் அங்கே உண்டு, மீன் போய்விடும் என்பவரும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரிடமும் வண்டியை நிறுத்துவேன்.

ஆனால் நிறுத்துவதற்கும் அனுமதி வேண்டும். ஆரம்பத்திலேயே குப்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார்: "தம்பி, எங்களை வேடிக்கை பார்க்கக் கூட்டியாராதே. கேட்டுத் தெரிஞ்சுக்கிறவங்களா இருந்தா கூட்டியா." அன்று முதல், ஒருவரிடம் கேட்காமல் யாரும் கேமராவைத் தூக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். மதியச் சாப்பாடு அந்த ஊர் வீடுகளிலேயே, அவர்கள் சொல்லும் விலைக்கு. அந்தப் பெரியவர்தான் இப்போது "பாடு" முறையை விளக்குகிறார். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. நான் ஒரு மணி நேரம் சொல்லிப் புரியாதது, அவர் மணலில் விரலால் கோடு போட்டால் புரிந்துவிடும்.

பழவேற்காட்டிலும் இதே கதைதான். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளில் உள்ள சிற்ப வேலைப்பாட்டைப் பார்த்து எல்லோரும் அசந்து நிற்பார்கள். நெதர்லாந்துக்காரர் வந்தால் பழைய டச்சு எழுத்தை அவரே வாசித்துக் காட்டுவார். அதே இடத்தில், 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியதையும் சொல்வேன். அவர் முகம் கொஞ்சம் மாறும். ஆனால் கோபித்துக்கொண்டு போனவர் இதுவரை இல்லை.

"படகு சவாரி உண்டா?" என்று கேட்பவர்களுக்கு "கிடையாது" என்பேன். 2011 டிசம்பர் 25 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் வழிகாட்டியாக இருக்க முடியாது.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படுமா?" என்ற கேள்விக்கு அன்றே பதில் வந்துவிட்டது. எங்கள் குழுவில் கடைசியாக வருகிறார் என்றேனே, அந்த வழிகாட்டி மீனவர் வீட்டுப் பெண். நான் பறவையின் பெயர் சொல்வேன். அது எந்த மீனுக்காக வந்திருக்கிறது என்பதை அவர் சொல்வார்.

இதில் பெரிய பணம் இல்லை. கோடையில் வேலையே குறைவு. அந்த மாதங்களில் சைக்கிள் பழுது பார்த்துத்தான் குடும்பம் நடக்கிறது. அத்தை சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது! ஆனாலும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நாளைக்குத் துறைமுகத்தில் வேலைக்குச் சேரலாம், அரசு அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்துப் போடலாம். அதற்கு முன் ஒரு நாள் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். என்னோடுதான் வர வேண்டும் என்பதில்லை. வழியில் இருப்பவரிடம் கேட்டால் அவரே சொல்லுவார்.