அடுக்கும் முகவரியும்



ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய செய்திகளை, மனிதரும் கணினியும் ஒருங்கே படிக்கும்படி எழுதுவது எங்ஙனம் என்பதே இன்றைய பொருள். தமிழ் இலக்கணத்துக்கு இது புதிய பொருளன்று. தொல்காப்பியச் செய்யுளியல், நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்காக வகுக்கிறது. சூத்திரங்கள் சேர்ந்து ஓத்து. ஓத்துகள் சேர்ந்து படலம். இம்மூன்றையும் அடக்கியது பிண்டம். தொல்காப்பியமும் 3 அதிகாரங்கள், அதிகாரத்துக்கு 9 இயல்கள் என அவ்வாறே அமைந்துள்ளது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தொல்காப்பியத்தில் இயல், அதிகாரத்துக்குள் அடங்கும். திருக்குறளிலோ அதிகாரம், இயலுக்குள் அடங்குகிறது. நாம் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். இரு நூல்களையும் ஒரே தொகுப்பில் இட்டு, 'அதிகாரங்கள் எத்தனை?' என்று கணினியை வினவினால், 133உடன் 3ஐக் கூட்டி 136 என்னும். கூட்டல் சரிதான், விடைக்குத்தான் பொருளில்லை.

ஆகவே உறுப்பின் பெயரோடு அதன் ஆழமும் எழுத்தில் புலப்படல் வேண்டும். 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லித் திறந்து, பெயர் சொல்லி மூடுகிறது. ஐயத்துக்கு இடமில்லை, ஆனால் ஏழு சீர்க் குறளைக் குறிகளுக்கு நடுவே தேடிப் படிக்க நேர்கிறது. ஜேசான் அடைப்புக்குறிகளால் இதைச் சுருக்குகிறது. அடைப்புகளுக்குப் பெயரில்லை, நான்கு அடைப்புகள் அடுத்தடுத்து மூடுமிடத்தில் எது எதற்குரியது என்று கண் தடுமாறும்.

யாமல் என்னும் வடிவம் பெரும்பாலும் வரித் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்தாலேயே ஆழத்தைக் காட்டுகிறது. மாணவர் பாடக்குறிப்பு எடுக்கையில் இயல்பாகச் செய்வதும் அதுவே. படிக்க இனிய வடிவம் இதுதான் என்பேன். எனினும் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாத குறி. இணையப் பக்கத்தில் ஒட்டும்போது அது சுருங்கிவிட்டால், எவ்வரி எதனுள் அடங்கும் என்பதே மறைந்துவிடும். இடைவெளியின்றி எழுதிய ஓலைச்சுவடியைப் பதிப்பாசிரியர்கள் யாப்பறிவால் சீர் பிரித்தார்கள். இங்கே கைகொடுக்க யாப்பும் இல்லை.

ஆசிரியர்கள் தம் கையால் தொகுக்கும் சிறு தொகுப்புகளுக்கு நான் பரிந்துரைப்பது வேறொரு முறை. இந்நகரின் லெபோ பாசாரிலுள்ள ஒரு கடைக்கு மடல் எழுதுகிறோம். கடை எண், தெரு, ஜார்ஜ் டவுன், பினாங்கு என முழு முகவரியும் ஒவ்வோர் உறையிலும் உண்டு. கட்டிலிருந்து ஓர் உறை தவறி விழுந்தாலும் அது உரிய இடம் சேரும். அதுபோல ஒவ்வொரு குறளும் தன் முகவரியைத் தானே தாங்கட்டும்: 'நூல்: திருக்குறள், பால்: பொருள், அதிகாரம்: 40, கல்வி, குறள்: 391.' திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்புத்தான். கணினியே அவ்வேலையைச் செய்யும்.

இம்முகவரியில் இயலை வேண்டுமென்றே விட்டேன். பால்கள் மூன்று, அவற்றின் அதிகாரங்கள் முறையே 38, 70, 25 என்பதை வகுப்பறையில் உறுதியாகச் சொல்லலாம். இயற்பகுப்பிலோ உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். பொருட்பாலைப் பரிமேலழகர் அரசியல், அங்கவியல், ஒழிபியல் என மூன்றாக்கினார். ஏனையோர் பகுப்பு வேறு. இயலைக் கூடாக அமைத்து அதனுள் அதிகாரங்களை அடைத்தால், ஓர் உரையாசிரியரின் கருத்து நூலின் உடம்பாகவே ஆகிவிடும். 'இயல், பரிமேலழகர்: அரசியல்' என்று தனிக்குறிப்பாகப் பக்கத்தில் எழுதுக. மணக்குடவர் உரையைப் பயிலும் மாணவர் அதனடியில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்வார்.