எழுத்தாளரும் முகவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

பாகூர்ச் செப்பேடுகளை இந்த அவை நன்கறியும். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், பாகூரில் விளங்கிய வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்களை வழங்கிய செய்தியை அவை கூறுகின்றன. கொடுத்தவன் மன்னன்; பெற்றவர்கள் கற்றோர். இருவருக்கும் நடுவே நின்று விண்ணப்பம் செய்தவன் நிலைதாங்கி என்னும் தலைவன். அவன் பெயரையும் செப்பேடு மறவாமல் பொறித்து வைத்திருக்கிறது. தகுதி உடைமை ஒன்று. அத்தகுதியை உரியவரிடம் எடுத்துரைக்க ஒருவர் வாய்ப்பது மற்றொன்று.

அதே பாகூர்க் கொம்யூனில், ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு சிற்றூரில், இன்று ஓர் இளைஞர் 400 பக்க நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதுவதற்கு ஐந்தாண்டுகள் ஆயின. முடித்த மறுநாளே ஒரு கேள்வி எழுகிறது: இதை யாரிடம் கொடுப்பது? ஆங்கில எழுத்தாளர்களுக்கு இலக்கிய முகவர் என்று ஒருவர் இருப்பதாக அவர் கேள்விப்படுகிறார். தமக்கும் ஒருவர் கிடைப்பாரா என்று தேடத் தொடங்குகிறார்.

முகவர் தொழில் இலண்டனில் 1870களில் ஏ.பி. வாட் என்பவரால் நிலைபெற்றது. எழுத்தாளரின் வருவாயில் நூற்றுக்குப் பத்து அவருடைய கூலி. இன்று உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும் மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 விழுக்காடும் பெறுவது அங்கே பெருவழக்கு. நல்ல முகவர் கையெழுத்துப் படியை முழுதும் படிக்கிறார்; குறை சொல்கிறார்; எந்தப் பதிப்பகத்திற்கு அது ஏற்றது என்று அறிந்து கொண்டு செல்கிறார்; ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்க்கிறார்; திரைப்பட உரிமையையும் மொழிபெயர்ப்பு உரிமையையும் தனித்தனியே விற்றுத் தருகிறார். எழுத்தாளருக்கு வருவாய் வந்தால்தான் அவருக்கும் வரும். படித்துப் பார்க்கவே முன்பணம் கேட்பவரை நம்பி நூலைக் கொடுக்கலாகாது.

இந்தியாவிலும் ஜெய்ப்பூரின் சியாஹி போன்ற முகவர் நிறுவனங்கள் உள்ளன. ஆனால் அவற்றின் பணி பெரும்பாலும் ஆங்கில நூலுலகைச் சார்ந்தது. தமிழில் இத்தொழில் ஏன் வேரூன்றவில்லை? ஒரு சிறு கணக்கே விடை சொல்லும். 400 ரூபாய் விலையில் 500 படிகள் அச்சாகி, அத்தனையும் விற்று, பத்து விழுக்காடு உரிமைத்தொகை ஒழுங்காக வந்தால் ஆசிரியருக்குக் கிடைப்பது 20,000 ரூபாய். அதில் முகவரின் 15 விழுக்காடு 3,000 ரூபாய். இதற்காக 400 பக்கம் படித்து, ஆறு மாதம் கடிதம் எழுதி, பதிப்பகப் படிகளை ஏறி இறங்க எவரால் இயலும்? ஆகவே முகவர் கிடைக்கவில்லை என்பதால் நாவல் தரம் குறைந்தது என்று அந்த இளைஞர் சோர்வடைய வேண்டியதில்லை. குறை சந்தையின் சிறுமையில் இருக்கிறது.

அப்படியானால் தமிழில் அந்தப் பணியை இதுவரை யார் செய்தார்கள்? ஆசிரியர்கள் செய்தார்கள், இதழாசிரியர்கள் செய்தார்கள், நண்பர்கள் செய்தார்கள். வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசனுக்குப் பாவேந்தர் பாரதிதாசன் ஆசானாக வாய்த்தார். எவரும் வாய்க்காதவர்கள் தாமே முகவராயினர். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். ‘சுதந்திர தாகம்’ என்னும் பெருநாவலை எண்பதைக் கடந்த வயதில், 1997இல், தாமே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். செல்லப்பா மறைந்ததோ 1998இல்.

இவற்றினும் துயரமான கதை பாரதியுடையது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்து தம் தலைசிறந்த படைப்புகளைத் தந்தவர், 1920இல் தம் நூல்களை 40 பகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக அச்சிடத் திட்டமிட்டு, கடன் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே மறைந்தார். பின்னர், பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை சில நூறு ரூபாய்க்கு ஒரு வணிகரிடம் போயிற்று, அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பரிடம் சென்றது. 1949இல் சென்னை மாகாண அரசு முன்வந்த பிறகே அப்பாடல்கள் மக்கள் உடைமையாக வழி பிறந்தது. எழுத்தின் மதிப்பை அறிந்து அதன் உரிமையைக் காக்க ஒருவர் இல்லாமற் போனதன் விலை இது.

இன்று சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர் கையொப்பம் இட வேண்டும். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பன குறிக்கப்பட வேண்டும். கால அளவு குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஆயினும் முதல் நூல் அச்சேறும் மகிழ்ச்சியில், நீட்டிய தாளில் படிக்காமலே கையொப்பம் இடுவோர் இன்றும் பலர். அந்தக் கையொப்பத்தால் பாதிக்கப்படுவோர் அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் ஆவர்.

2023 முதல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அக்கதவு அச்சான நூலுக்கே திறக்கும். அச்சேறாத முதல் நாவல் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டியைத் திறக்கும் பணி இத்தகைய வட்டங்களுடையது. கவியரங்கம் நடத்துவதோடு மூன்று செயல்களை வட்டம் மேற்கொள்ளலாம். கையெழுத்துப் படியோடு வருபவருக்காக இரண்டு உறுப்பினர்கள் முழுமையாகப் படித்து, முகமன் இன்றிக் கருத்துரைக்கலாம். எந்தப் பதிப்பகம் எவ்வகை நூலை வெளியிடுகிறது, உரிமைத்தொகையை ஒழுங்காகத் தருகிறதா என்னும் குறிப்பேடு ஒன்றைப் பேணலாம். கையொப்பம் இடுமுன் ஒப்பந்தத்தைச் சட்டம் அறிந்த ஓர் உறுப்பினர் படித்துக் காட்டலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமையும் நேர்மையும் போதும்.

கடந்த பத்தாண்டுகளில் வட்டம் பல கவிஞர்களுக்கு மேடை தந்தது. வரும் பத்தாண்டுகளில் நிலைதாங்கி செய்த தொண்டையும் அது மேற்கொள்ளட்டும். பாகூர் ஏரிக்கரையிலிருந்து கையெழுத்துப் படியோடு புறப்பட்டு வரும் இளைஞருக்கு, யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி இனி எழாதிருக்கட்டும்.