நாற்பத்து மூன்று இலட்சத்து இருபதினாயிரம்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒரு சதுர்யுகத்துக்கு 43,20,000 ஆண்டுகள் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டதும் முதியவர்கள் கைகூப்புவார்கள். வாலிபர் சிலர் வாய்க்குள் சிரிப்பார்கள். இரு சாராரும் செய்யாத காரியம் ஒன்றுண்டு. அந்த எண்ணை வகுத்துப் பார்ப்பதே அது.

தேவருக்கு ஒரு நாள் நமக்கு ஓர் ஆண்டு. ஆகவே தேவ ஆண்டு 12,000ஐ 360ஆல் பெருக்கினால் இவ்வெண் வரும். கலியுகம் 4,32,000; துவாபரம் அதன் இரு மடங்கு; திரேதம் மும்மடங்கு; கிருதம் நான்கு மடங்கு, அதாவது 17,28,000. இந்தக் கடைசி எண் 120ஐ 120ஆலும், மறுபடி 120ஆலும் பெருக்க வருவது. மொத்த எண்ணை உடைத்தால் எட்டு இரண்டுகளும், மூன்று மூன்றுகளும், நான்கு ஐந்துகளுமே கிடைக்கும். மீதமின்றி அதை வகுக்கும் எண்கள் 180 உண்டு. ஏழுக்குப் பணியாது, ஆறு மிஞ்சும். வாரத்துக்கு நாள் ஏழு என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

இவ்வளவு பெரிய எண் எதற்கு? நம் தோட்டத்து மலைகளையே பாருங்கள். ஒரு மலையில் ஏழு நாளுக்கொரு முறையும், இன்னொன்றில் பத்து நாளுக்கொரு முறையும் கொழுந்தெடுத்தால், இன்று ஒன்றாகத் தொடங்கிய இரண்டும் மீண்டும் ஒன்று சேர எழுபது நாளாகும். எழுபது என்ற எண்ணுக்குள் இரண்டு சுற்றும் பின்னமின்றி அடங்குகின்றன. வானத்திலோ சூரியன், சந்திரன், ஐந்து கிரகங்கள் என்று பல சுற்றுகள். எல்லாவற்றையும் முழு எண்ணாலேயே சொல்ல வேண்டுமானால் மிக நீண்ட காலம் வேண்டும்.

ஆரியபட்டர் அதற்கு யுகத்தை எடுத்துக்கொண்டார். கலி 3,600 கழிந்தபோது, அதாவது கி.பி. 499இல், தமக்கு வயது 23 என்று அவரே குறித்திருக்கிறார். வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்! ஒரு யுகத்தில் சந்திரன் 5,77,53,336 முறை சுற்றுகிறது; நாட்கள் 157,79,17,500 என்றார் அவர். நாட்களைச் சந்திரனின் சுற்றுகளால் வகுத்தால் 27.32167 நாள் வரும். இன்றைய அளவீட்டுக்கும் இதற்கும் ஒரு விநாடி வித்தியாசம்கூட இல்லை. பூமியே சுழல்கிறது என்று கூறி, அச்சுழற்சிகளை 158,22,37,500 என்றும் எழுதினார். இதிலிருந்து யுகத்தின் நாட்களைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது 43,20,000!

யுகத்தை நான்கு சமபாகமாக, ஒவ்வொன்றும் 10,80,000 ஆண்டாக, அவர் பிரித்தார். அது ஸ்மிருதிக்கு மாறு என்று பிரமகுப்தர் கி.பி. 628இல் கண்டித்தார். ஆனாலும் ஆரியபட்டரின் நூலை எவரும் ஒதுக்கிவிடவில்லை. ஏன் சொல்கிறேனென்றால், பஞ்சாங்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளையை நாஸ்திகன் என்று வீட்டில் அதட்டுகிறோம்.

அதே நாட்களை 43,20,000ஆல் வகுத்தால் ஓர் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. இன்றும் வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டு இதுவே. நட்சத்திரங்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டைவிட இது சுமார் 3 நிமிடம் 20 விநாடி அதிகம். ஓர் ஆண்டில் இது தெரியாது. ஆரியபட்டர் காலந்தொட்டுக் கூட்டினால் சுமார் மூன்றரை நாளாகிவிட்டது. திருக்கணித பஞ்சாங்கம் புத்தாண்டுக்கு வேறு நேரம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எதைக் கொள்வது என்று சென்ற சித்திரையில் நம் கோயில் முன்றிலில் எழுந்த தர்க்கம் இன்னும் தீரவில்லை. அடுத்த சித்திரைக்கு முன் இரு பஞ்சாங்கங்களையும், ஒரு கரும்பலகையையும் இங்கே வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.