மண்ணுக்குள் இருக்கும் சாட்சியங்கள்

(வலிகாமத்து வாசிகசாலையொன்றில் நடைபெற்ற மரபுரிமைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பழம்பெருமை பேசிக் கலைவதற்காக நாம் இங்கே கூடவில்லை. பெருமை பேசும் கூட்டங்களுக்கு எமது நாட்டில் என்றும் குறைவிருந்ததில்லை. மேடையிலே மாலை விழும். சபையிலே கரகோஷம் எழும். மறுநாட் காலை தோட்டத்திலே மண்வெட்டியில் அகப்படும் பழைய ஓட்டுத் துண்டை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு நாம் எமது வேலையைப் பார்ப்போம். அந்த ஓட்டுத் துண்டைப் பற்றிப் பேசுவதற்காகவே இன்றைய கூட்டம் கூட்டப்பட்டது.

ஒரு விவசாயி தன் காணியைக் கொத்துகின்றான். மண்ணுக்குள் ஒரு பானை தட்டுப்படுகின்றது. அல்லது ஒரு நாணயம், ஒரு செதுக்கிய கல். அவன் என்ன செய்கின்றான்? பலர் அதனை மீண்டும் மண்ணால் மூடிவிடுகின்றனர். அயலவனுக்கும் சொல்வதில்லை. ஏன்? செய்தி வெளியே போனால் தொல்பொருள் என்று பெயர் சூட்டிக் காணியிலே எல்லைக்கல் நாட்டிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் நீங்காதவரை எமது வரலாறு மண்ணை விட்டு வெளிவரப் போவதில்லை. இன்று நாம் ஆராய வேண்டிய பிரச்சினை இதுவே.

தற்செயலாய்க் கிடைத்தவை

எமது வரலாற்றுச் சான்றுகளிற் பல, அறிஞர்கள் தேடிச் சென்று கண்டவை அல்ல. சாதாரண மக்கள் வேறு வேலை செய்யும்போது தாமாக வெளிப்பட்டவை.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். 1624ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அடியார்கள் மறைத்துவைத்த திருவுருவங்கள் எங்கே இருந்தன என்பதை முந்நூறு ஆண்டுகளாக எவரும் அறிந்திலர். 1950ஆம் ஆண்டு நகரசபையினர் நீருக்காகக் கிணறு தோண்டியபோது அவ்வுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. மக்கள் அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்று வணங்கினர். புதிதாய் எழுந்த கோணேசர் ஆலயத்தின் குடமுழுக்கு 1963ஆம் ஆண்டு நடைபெற்றது. தோண்டியவன் கையிலே அகப்பட்டதை மறைத்திருந்தாலும், தரகன் ஒருவனுக்கு விற்றிருந்தாலும் அச்செல்வம் எமக்குக் கிடைத்திருக்குமா?

வடமராட்சியில் வல்லிபுரத்திலே 1936ஆம் ஆண்டளவில் ஒரு பொன்னேடு கிடைத்தது. வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை இசிகிராய என்னும் அமைச்சன் ஆண்டான் என்றும், அங்கே ஒரு விகாரை அமைக்கப்பட்டது என்றும் அதைப் பதிப்பித்த பேராசிரியர் பரணவிதான வாசித்தார். அதன் வாசகம், மொழி ஆகியன பற்றி அறிஞரிடையே வாதங்கள் உண்டு. எனினும் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்குடாநாடு எழுத்தும் ஆட்சியும் உடைய நாடாக இருந்தமைக்கு அச்சிறு பொற்றகடு சான்றாகும்.

கந்தரோடையிலே 1917ஆம் ஆண்டு முதல் போல் ஈ. பீரிஸ் ஆய்வு செய்தார். கோறைக்கற்களால் ஆன சிறு தூபிகளின் அடித்தளங்களும், பழைய நாணயங்களும், உரோம நாணயங்களும் அங்கே கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் அங்கே குழிகள் வெட்டி மண்ணடுக்குகளை ஆராய்ந்தபோது, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே அவ்வூரில் மக்கள் செறிந்து வாழ்ந்தமை புலனாயிற்று.

1980ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையிலே பெருங்கற்காலப் புதைகுழியொன்றை ஆராய்ந்தனர். அங்கே கிடைத்த சிறு உலோக முத்திரையின் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துக்களும் இருந்தன. 'கோவேத' என அவ்வெழுத்துக்கள் வாசிக்கப்பட்டன. விரல்நுனியளவே ஆன பொருள்! மண்ணள்ளும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அது போயிருந்தால் எந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்குமோ, யார் அறிவார்?

எமக்குச் சாதகமானவை மட்டுமா?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அரசாங்கத்தின்மீது எமக்குள்ள அச்சம் ஒருபுறம் இருக்க, எம்முள்ளே வேறொரு கூச்சமும் உண்டு. தூபி ஒன்று வெளிப்பட்டால், புத்தர் சிலையொன்று அகப்பட்டால், 'இது எமக்கு எதிரான சாட்சி' என்று நாம் கலங்குகின்றோம். இக்கலக்கம் வேண்டியதில்லை. பண்டைக் காலத்தில் தமிழரிடையே பௌத்தம் தழைத்திருந்தது. மணிமேகலை என்னும் பெருங்காப்பியத்தைப் பெற்ற மொழி எமது மொழி. அக்காப்பியத்திலே மணிபல்லவத்தின் கதை வருகின்றது. தமிழ்நாட்டிலே காவிரிப்பூம்பட்டினத்தில் பௌத்த விகாரையின் சிதைவுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, தமிழர் அவ்வூரில் வாழ்ந்ததில்லை என்று எவரும் சொல்லவில்லை. அவ்வாறிருக்கக் கந்தரோடைத் தூபி மட்டும் எமக்கு அந்நியமாவது எங்ஙனம்? பௌத்தச் சின்னம் கண்ட இடமெல்லாம் சிங்கள நிலம் என்று ஒருவர் வாதிப்பாராயின், அவ்வாதத்தின் அடிப்படையை மறுத்துரைக்க வேண்டுமேயன்றிச் சின்னத்தை மறைத்தல் விவேகமாகாது. மறைத்தால் அவர் வாதத்தை நாமே ஒப்புக்கொண்டவர்களாவோம்.

இன்னொரு சான்றையும் நினைவூட்ட விரும்புகின்றோம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே ஒரு கல்வெட்டு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி உரியவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று அது விதிக்கின்றது. அவ்வாணை எழுதப்பட்டிருக்கும் மொழி தமிழ்! சிங்களப் பேரரசன் ஒருவன் தன் சட்டத்தை மக்கள் அறியும் மொழியிலே பொறித்தான். 1956ஆம் ஆண்டு தனிச்சிங்களச் சட்டம் இயற்றியோர் அந்தக் கல்லை ஒருமுறை வாசித்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

அறியாமையால் இழந்தவை

வல்லிபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட புத்தர் சிலையொன்று யாழ்ப்பாணம் பழைய பூங்காவிலே வைக்கப்பட்டிருந்தது. 1906ஆம் ஆண்டு ஆளுநர் பிளேக் அதனைச் சீயம் நாட்டு மன்னருக்குப் பரிசாக அனுப்பிவிட்டார். யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706இல் ஒல்லாந்தர் எழுப்பிய தேவாலயம் போரிலே தரைமட்டமாயிற்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பராயின. இவற்றைப் பிறர் செய்தனர். ஆனால் பழைய மேட்டை மண்ணுக்காக விற்பவர் யார்? கேணியை மூடிக் கடை கட்டுபவர் யார்? கோயில் திருப்பணியின்போது பழைய கல்வெட்டைச் சீமெந்து பூசி மறைப்பவர் யார்? எமது கைகளையும் நாம் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

கற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் ஆகியோர் காலந்தொட்டு எமது வரலாறு பற்றி அரிய ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயினும் பீரிஸ் எழுதியது ஆங்கிலத்தில். நயினாதீவுக் கல்வெட்டு பற்றி 1963இல் இந்திரபாலா எழுதியது ஆங்கிலத்தில். யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகளை ஊர் ஊராக நடந்து ஆராய்ந்து பொன்னம்பலம் இரகுபதி 1987இல் வெளியிட்ட நூலும் ஆங்கிலத்தில். தன் காணியைப் பற்றி எழுதப்பட்டதை அக்காணிக்காரன் வாசிக்க இயலாதிருப்பது முறையாகுமா? ஆசிரியர்களும் பட்டதாரிகளும் இவற்றின் சாரத்தை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு வாசிகசாலையிலும் வைத்தல் வேண்டும்.

சட்டத்தரணிகளுக்கு வேறொரு கடமை உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் என்ன சொல்கின்றது என்பதை மக்களுக்கு எடுத்துரையுங்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. காணிக்காரன் என்ற காரணத்தால் மட்டும் ஒருவன் அதற்கு உரிமை பாராட்ட இயலாது. ஆனால் ஒரு பானை கிடைத்துவிட்டது என்பதனால் மட்டும் காணியின் உறுதி கைமாறிவிடுவதுமில்லை. காணியை அரசு எடுப்பதாயின் அதற்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் என வேறொரு சட்டம் உண்டு; நட்டஈடு உண்டு. பாதுகாக்கப்பட்ட இடமெனப் பிரகடனம் செய்வது எப்போது, அதனால் வரும் கட்டுப்பாடுகள் எவை, அவற்றை எவ்வாறு எதிர்த்து வாதாடலாம் என்பவற்றை விவசாயி அறிந்திருந்தால் அவனது அச்சத்திற் பாதி தீரும்.

மற்றப் பாதி அச்சத்தைத் தீர்க்க வேண்டியவர்கள் ஆட்சியாளரே. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைந்த அச்செயலணியில், நியமனத்தின்போது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. முல்லைத்தீவிலே குருந்தூர்மலையில் 2021இல் தொடங்கிய அகழ்வும் அதைத் தொடர்ந்த கட்டட வேலையும் நீதிமன்றப் படியேறின. இவற்றைக் கண்ட விவசாயி மண்ணை மூடுகின்றான் என்றால் அவனைக் குற்றம் சொல்வது எப்படி?

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. தமிழ்ப் பிரதேசத்தில் நிகழும் அகழாய்வு எதுவாயினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் அதிற் பங்கு கொள்ளல் வேண்டும். அறிக்கை தமிழிலும் வெளிவரல் வேண்டும். கிடைத்த பொருள் அந்த மாவட்டத்திலேயே காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும். தேசிய முக்கியத்துவமுடையன எனப் பிரகடனப்படுத்தப்படாத புராதனச் சின்னங்களை 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைகளின் அதிகாரத்துள் வைத்தது. அந்த அதிகாரம் ஏட்டளவில் நின்றுவிட்டது. வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. எமது பழஞ்சின்னத்தைக் காக்கும் உரிமையும் எம்மை நாமே ஆளும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

கூட்டம் எவ்வாறு அமைய வேண்டும்?

உரிமை வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இத்தகைய கூட்டத்தை ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கொருமுறை கூட்டலாம். மேடைப் பேச்சு அரைமணி நேரம் போதும். பின்னர் அனைவரும் நடந்து சென்று அவ்வூரின் பழைய இடங்களைப் பார்த்தல் வேண்டும்: கேணி, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி, தெருமூடி மடம், ஓட்டுத்துண்டு மிகுந்த மேடு. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழைய மட்பாண்டம் எப்படியிருக்கும் என்பதை அறிந்தோர் கையிலே கொடுத்துக் காட்டல் வேண்டும். முதியோர் சொல்லும் காணிப் பெயர்களை மாணவர் எழுதிக்கொள்ளட்டும். நில அளவையாளர் ஒருவர் ஊரின் படத்திலே அவ்விடங்களைக் குறிக்கட்டும்.

ஒன்றை மட்டும் ஒருவரும் செய்யலாகாது: தாமாகத் தோண்டலாகாது. ஏன் என்பதை விவசாயிக்கு எளிதில் விளக்கலாம். பொருளின் விலை அதன் பொன்னில் இல்லை. அது எந்த மண்ணடுக்கில், எதன் மேல், எதன் கீழ்க் கிடந்தது என்பதிலேயே உள்ளது. அடுக்கறியாது பிடுங்கி எடுத்த பொருள், நாற்புற எல்லையும் எழுதாத காணி உறுதி போன்றது. எந்த நீதிமன்றத்தில் அது செல்லும்? புதையல் தேடி இரவிலே கிண்டுபவன் களவாடுவது பொன்னை மட்டுமன்று. எமது உறுதியின் எல்லைகளையே அவன் அழிக்கின்றான்.

எனவே பொருள் தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். கிடந்தபடியே ஒரு படம் எடுங்கள். ஊரின் ஆசிரியரையும் சட்டமறிந்த ஒருவரையும் அழையுங்கள். பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளருக்கும் உரிய அலுவலகத்துக்கும் எழுத்திலே அறிவித்து, அக்கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். தனியொருவன் அறிவித்தால் அவன் அஞ்சுவான்; ஊரே கூடி அறிவித்தால் அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய கூட்டங்களின் முதற் பயன் அதுவே: ஓட்டுத்துண்டைக் கண்டவன் தனித்தவனல்லன் என்ற நிலையை உண்டாக்குவது.

எமது முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்தமைக்கு எமது நாவன்மை சாட்சியாகாது. அவர்கள் உண்ட கலமும், எண்ணிய காசும், புதைத்த எலும்புமே சாட்சிகள். அச்சாட்சிகளை மிரட்டுவோரும் உளர், விலைபேசுவோரும் உளர். அவற்றைக் காப்பவர்கள் நாமாக இருப்போம் என்ற உறுதியோடு இன்று கலைவோமாக.